ஆரூர்த் தேரும் அப்பா வாங்கிய காரும்

தஞ்சை, கும்பகோணம், திருவாரூர் வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் ஓர் அம்பாசிடரோ மாருதி 800-ஓ இன்றும் நிற்கிறது. சம்பா நன்கு விளைந்த ஓர் ஆண்டில் குடும்பத் தலைவர் ஆசையுடன் வாங்கிய வண்டி அது. புதுமணப்பெண் வந்திறங்கியதும், பேரனுக்கு முடியிறக்கக் குலதெய்வக் கோயிலுக்குச் சென்றதும், திங்களூர் முதல் கீழப்பெரும்பள்ளம் வரை நவக்கிரகத் தலங்களைத் தரிசித்ததும் அதில்தான். ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வழிபட்ட பொருளை வெறும் இரும்பென்று எண்ண மனம் ஒப்புவதில்லை.

அந்த வண்டி ஒருநாள் பாதி வழியில் புகை கக்கி நின்றுவிடுகிறது. உடனே இல்லத்தில் இரு கருத்துகள் எழுகின்றன. "அப்பா வாங்கியது, எவ்வளவு செலவானாலும் சரிசெய்ய வேண்டும்" என்பது ஒன்று. "இதில் கொட்டும் பணத்துக்குப் புதியதே வாங்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. இவ்விரு வழிகளுக்கும் காவிரிக் கரையிலேயே சான்றும் உண்டு.

பழுது நீக்கிய ஆரூர்

திருவாரூர் தியாகராஜப் பெருமானின் ஆழித்தேர் ஆசியாவிலேயே மிகப் பெரிய தேர் எனப் போற்றப்படுவது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன். பழைய தேர் தீக்கிரையான பின் உருவாக்கப்பட்ட தேர் 1930-இல் வீதியுலா கண்டது. 1948-க்குப் பிறகு அதுவும் ஓடாமல் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஊரார் அதனைக் கைவிடவில்லை. திருச்சி பெல் நிறுவனத்தின் துணையுடன் இரும்பு அச்சுகளும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டு, 1970-இல் தேர் மீண்டும் அசைந்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தேரின் வடிவும் மரபும் காக்கப்பட்டன. சுமை தாங்கும் அச்சிலும் நிறுத்தும் கருவியிலும் பழைமைக்குச் சலுகை தரப்படவில்லை. வடம் பிடிக்கும் அடியார்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

புதிது கண்ட தஞ்சை

தஞ்சைப் பெரிய கோயிலிலோ ஏறத்தாழ நூறாண்டுகள் தேரோட்டமே இல்லை. அங்கே புதிதாகத் தேர் செய்யப்பட்டது. 2015 ஏப்ரலில் வெள்ளோட்டம் நிகழ்ந்தது. அதே மாதம் சித்திரைத் திருவிழாவில் பெருமான் அதில் எழுந்தருளினார். தேர் புதிதென்பதால் பக்தி குறைந்துவிடவில்லை.

ஆரூர் பழுது நீக்கியது. தஞ்சை புதிது செய்தது. ஓட வேண்டியது ஓட வேண்டும், ஏறியவர் நலமாக இறங்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் நோக்கம்.

புகை சொல்லும் சேதி

இல்லத்துக் காருக்கும் இந்த நோக்கமே அளவுகோல். முதலில் நோயை அறிய வேண்டும். கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது என்று பொருள். கார்புரேட்டரையோ ஏர் ஃபில்டரையோ பார்த்தால் பெரும்பாலும் தீரும். நீலப்புகை, என்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங், வால்வு முதலியன தேய்ந்திருக்கலாம். என்ஜின் சூடேறிய பின்பும் அடர்ந்த வெண்புகை நிற்காவிடில், ஹெட் கேஸ்கெட் பழுதாகி ரேடியேட்டர் நீர் உள்ளே கசியக்கூடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தால் தேய்மானம் தெரியவரும். அதற்கு முன்பே என்ஜினைப் பிரிக்க இசைய வேண்டியதில்லை. இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டி, செலவைத் தனித்தனியே எழுதி வாங்குவது நன்று.

என்ஜினைவிட முக்கியமானது அடிச்சட்டம். லேத் பட்டறையில் போர் வேலை செய்து என்ஜினுக்குப் புத்துயிர் தரலாம். துருவேறி அரித்த அடிச்சட்டத்தை நம்பிக் குழந்தைகளை ஏற்றலாகாது. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் காரின் அடியில் சிக்கி, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பெட்ரோல் கசியும் பழைய வண்டிக்கு அது இரட்டிப்பு ஆபத்து.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. இவற்றையும் செலவுக் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டதால், உதிரி பாகம் கிடைக்குமா என்று முன்னதாகவே விசாரிப்பதும் தேவை.

வெள்ளோட்டம்

சரிசெய்வதென முடிவானால், தேரின் முறையையே பின்பற்றலாம். பழுது நீங்கியதும் சுவாமியை ஏற்றிவிடுவதில்லை. வெள்ளோட்டம் விட்டு, அச்சும் சக்கரமும் பார்த்த பிறகே திருவிழா. அதுபோல், பெரியோரையும் குழந்தைகளையும் ஏற்றுமுன் சில நாட்கள் அருகில் ஓட்டி, என்ஜின் சூடு, பிரேக், ஆயில் கசிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது முறை.

விடைகொடுப்பதென முடிவானாலும் மனம் வருந்த வேண்டியதில்லை. திருக்கோயில் திருப்பணியின்போது பாலாலயம் செய்து இறையாற்றலை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது ஆகம மரபு. கட்டடம் வேறு, அதில் உறையும் பொருள் வேறு என்பதை அது உணர்த்துகிறது. தந்தையின் அன்பும் அந்த வண்டியின் இரும்பில் மட்டும் இருப்பதன்று. முகப்பில் வைத்த சிறு பிள்ளையாரைப் புதிய வண்டியில் எழுந்தருளச் செய்து, முதல் பயணத்தில் தந்தையாரை முன்னிருக்கையில் அமர்த்திக் குலதெய்வத்தைத் தரிசித்து வந்தால், அவர் மனமும் நிறையும்.