‘குழந்தையைத் தத்தெடுக்க நிதி தாங்க!’ - சர்ச் குழுவில் வரும் லிங்க்... அந்தப் பணம் எங்கே போகிறது?

சர்ச் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு லிங்க் வருவது இப்போது புதிதல்ல. அமெரிக்காவில் செட்டிலான ஒரு குடும்பத்தின் போட்டோ, கீழே ஒரு வேத வசனம், ‘இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கிறோம், ஜெபியுங்கள், முடிந்ததைக் கொடுங்கள்’ என்ற வேண்டுகோள். பக்கத்திலேயே இலக்குத் தொகை. ரூபாயில் கணக்குப் போட்டால் 20 லட்சம், 30 லட்சம், சில நேரம் 40 லட்சம்.

பார்ப்பவர்களுக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: ‘ஒரு குழந்தையைத் தத்தெடுக்க எதுக்கு இவ்வளவு காசு? விலை கொடுத்து வாங்குறாங்களா என்ன?’

சட்டப்படி பதில், இல்லை. குழந்தைக்கு விலை கிடையாது. செலவு முழுக்க நடைமுறைக்குத்தான். ஆனால் இந்தக் கேள்வி ஒன்றும் தேவையில்லாத சந்தேகம் அல்ல. ஏன்னா, இதே பணம் கண்காணிப்பு இல்லாமல் புழங்கிய காலத்தில் சென்னைத் தெருவிலிருந்தே குழந்தைகள் காணாமல் போயிருக்கிறார்கள்.

அந்த 40 லட்சம் எதற்கு?

அமெரிக்கக் குடும்பம் ஒன்று வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க, பொதுவாக 25,000 முதல் 50,000 டாலர் வரை செலவாகும். இதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே செலவாகிவிடும். தத்தெடுப்பு ஏஜென்சியின் கட்டணம், சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குடும்பத்தை ஆராய்ந்து எழுதும் அறிக்கை, குடியேற்ற விண்ணப்பங்கள், ஆவணங்களுக்கு முத்திரை, விமான டிக்கெட், இங்கே வந்து தங்கும் செலவு எனப் பட்டியல் நீளும்.

இந்தியாவில் கட்ட வேண்டிய அதிகாரப்பூர்வக் கட்டணம் 5,000 டாலர்தான். அது குழந்தையைப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துக்குப் போகிறது.

நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. அதனால் அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களிடையே நிதி திரட்டுவது ஒரு வழக்கமாகவே மாறிவிட்டது. டி-ஷர்ட் விற்பார்கள். பழைய சாமான்களை வீட்டு வாசலில் கடை போட்டு விற்பார்கள். ஜிக்சா புதிர் வாங்கி, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பணம் கொடுத்தவரின் பெயரை எழுதி, முழுசா சேர்ந்ததும் குழந்தையின் அறையில் மாட்டுவார்கள். கிறிஸ்தவப் பாடகர் ஸ்டீவன் கர்டிஸ் சேப்மேனும் அவர் மனைவியும் தொடங்கிய ‘ஷோ ஹோப்’ போன்ற அமைப்புகள் நேரடியாக நிதியுதவி தருகின்றன. அமெரிக்க அரசும் 2024-ஆம் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 16,810 டாலர் வரை வரிச்சலுகை கொடுத்தது.

இதற்கெல்லாம் பின்னால் இருப்பது விசுவாசம். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதை உண்மையான பக்தியாகச் சொல்லும் யாக்கோபு நிருபம் 1:27-தான் இந்தக் குடும்பங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் வசனம். அவர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, அந்தப் பணம் மறுமுனையில் என்ன செய்கிறது என்பதை.

சென்னையில் என்ன நடந்தது?

2004-இல் மட்டும் அமெரிக்கக் குடும்பங்கள் ஏறத்தாழ 23,000 வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தன. அதுதான் உச்சம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குழந்தைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காத்திருந்தன. ஒரு பக்கம் டாலரோடு காத்திருக்கும் பெற்றோர், மறுபக்கம் நடைபாதையில் தூங்கும் குடும்பங்கள். நடுவில் ஏஜென்சி.

2005-இல் சென்னை போலீஸ் ஒரு கும்பலைக் கைது செய்தபோது இதன் இன்னொரு முகம் வெளியே வந்தது. ஏழைக் குடியிருப்புகளிலிருந்து குழந்தைகளைக் கடத்தி, ‘மலேசியன் சோஷியல் சர்வீசஸ்’ என்ற தத்தெடுப்பு நிறுவனத்திடம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அங்கிருந்து பொய்யான ஆவணங்களோடு குழந்தைகள் வெளிநாட்டுக்குப் போனார்கள். வழக்கு பின்னர் சிபிஐ-க்கு மாறியது.

அதில் ஒன்று, 1999-இல் புளியந்தோப்பில் காணாமல் போன ஒன்றரை வயது ஆண் குழந்தையின் கதை. தேடி அலைந்த பெற்றோருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது, பிள்ளை நெதர்லாந்தில் வளர்கிறான் என்று. 2010-இல் அவர்கள் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். அதற்குள் அந்தச் சிறுவனுக்குத் தெரிந்த வீடு, மொழி, அப்பா, அம்மா எல்லாமே அங்கேதான்.

தத்தெடுத்த குடும்பங்கள் பலவும் ஏமாற்றப்பட்டவர்களே. ‘தாயே விட்டுக்கொடுத்தார்’ என்று கையெழுத்தோடு தாள் காட்டினால் யார் சந்தேகப்படுவார்கள்?

இது சென்னையோடு முடியவில்லை. 1970-கள் முதல் 90-கள் வரை இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போனவர்கள் மட்டும் 881 பேர் என்று 2020-இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வு சொன்னது. முறைகேடுகள் தெரிந்தும் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதையும் அது வெளிக்கொண்டு வந்தது. கடைசியில் நாடுகளே கதவைச் சாத்தத் தொடங்கின. நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பைப் படிப்படியாக நிறுத்த 2024-இல் முடிவெடுத்தது. அதே ஆண்டு சீனா, நெருங்கிய உறவினர்கள் தவிர மற்றவர்களுக்குக் குழந்தைகளை வெளிநாடு அனுப்புவதில்லை என்று அறிவித்தது. அமெரிக்காவில் 2023-க்கான எண்ணிக்கை சுமார் 1,300-தான்.

இந்தியா போட்ட பூட்டு

இந்தியாவில் மாற்றம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகள் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். அதுவே பொதுநல வழக்காகி, 1984-இல் தீர்ப்பு வந்தது. முதலில் இந்தியாவிலேயே குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது அதன் சாரம். 1990-இல் ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் வந்தது. 2003-இல் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது.

இன்றைய நிலையில், இந்தியாவிலிருந்து ஒரு குழந்தை வெளிநாடு போக வேண்டுமானால் காராவின் தடையில்லாச் சான்று கட்டாயம். எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்பதை ஏஜென்சி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. எல்லாமே காராவின் இணையதளம் வழியாகத்தான். 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

2024-25-இல் நாடு முழுவதும் 4,515 குழந்தைகள் தத்துக்கொடுக்கப்பட்டார்கள். அதில் 4,155 பேர் இந்தியாவுக்குள்ளேயே போனார்கள்.

நம்ம ஊர் கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் ரொம்ப காலம் சட்டம் அப்படி இல்லை. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். கிறிஸ்தவருக்கு இருந்த வழி 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்தான். அதன்படி அவர்கள் ‘பாதுகாவலர்’, பெற்றோர் அல்ல. பிள்ளைக்கு 18 வயதானால் அந்த உறவு சட்டப்படி முடிந்துவிடும். சொத்தில் தானாக உரிமையும் வராது. ஆசையாக வளர்த்த பிள்ளைக்கு, உயில் எழுதாமல் அப்பா இறந்துவிட்டால் எதுவும் இல்லை என்ற நிலை.

1999-இல் கேரள உயர் நீதிமன்றம், கிறிஸ்தவத் தம்பதி எடுத்து வளர்த்த பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2006-இல் இளைஞர் நீதிச் சட்டத்தில் வந்த திருத்தம் பாதையை அகலமாக்கியது. எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இப்போது அமலில் இருக்கும் 2015 சட்டத்தின் 63-வது பிரிவு, தத்துப்பிள்ளை எல்லா வகையிலும் அந்தப் பெற்றோரின் பிள்ளையே என்கிறது. உயில் இல்லாத சொத்துக்கும் இது பொருந்தும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தம்பதி என்றால்?

சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு கிறிஸ்தவத் தம்பதி குழந்தை வேண்டும் என்று நினைத்தால், முதல் படி காராவின் இணையதளத்தில் பதிவு. அடுத்து ஆவணங்கள், வீட்டு ஆய்வு, பிறகு காத்திருப்பு. முறை வந்ததும் குழந்தையின் விவரம் வரும். சம்மதம் சொன்னால் குழந்தை முதலில் வளர்ப்புப் பராமரிப்பில் வீட்டுக்கு வரும். பிறகு திருவள்ளூர் ஆட்சியரின் ஆணை.

மொத்த அதிகாரப்பூர்வக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கீழேதான். நிதி திரட்ட வேண்டிய அவசியமே இல்லை. இங்கே தட்டுப்பாடு பணத்துக்கு அல்ல, நேரத்துக்கு. 30,000-க்கும் மேற்பட்ட பெற்றோர் வரிசையில் இருக்கிறார்கள். காத்திருப்பு மூன்று ஆண்டுகளைத் தாண்டுகிறது.

குறுக்குவழி முளைப்பது இந்தக் காத்திருப்பில்தான். ‘தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க’, ‘நம்ம பாஸ்டருக்குத் தெரிஞ்ச ஹோம்ல ஒரு குழந்தை இருக்கு’ என்று பேச்சு வரும். யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும், காரா வழியாக வராத அநாதைக் குழந்தையை எடுத்துக்கொள்வது குற்றம். 80-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். அதில் ஈடுபடுவது மருத்துவமனை ஊழியர் என்றால் ஏழு ஆண்டு வரை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்கள் பல. சொந்த ஊர் தூரம், மொழி தெரியாது, துணைக்கு ஆள் இல்லை. அப்படி ஒரு தாய் பிள்ளையை வளர்க்க முடியாமல் தவித்தால், அவரை முதலில் அணுகுவது புரோக்கராக இருந்துவிடக் கூடாது.

வளர்க்கவே முடியாது என்று முடிவெடுக்கும் தாய், குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். அதற்காக வழக்கு எதுவும் பாயாது. கையெழுத்துப் போட்ட பிறகும் மனதை மாற்றிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. அந்த 60 நாள் முடியும் வரை யாரும் அந்தக் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098-க்கு அழைத்தால் போதும்.

சரி, அந்த லிங்க்கில் பணம் போடலாமா?

போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்கலாம். ஒன்று, அந்தக் குடும்பம் காரா அங்கீகரித்த வெளிநாட்டு ஏஜென்சி வழியாகப் போகிறதா? இரண்டு, பணம் எந்தெந்தக் கட்டணத்துக்கு என்று பிரித்துச் சொல்கிறார்களா? மூன்று, குழந்தையின் போட்டோவும் பெயரும் போட்டு நிதி கேட்கிறார்களா? ஆணை வருவதற்கு முன்பே பராமரிப்பில் உள்ள குழந்தையின் முகத்தை ஊருக்குக் காட்டி வசூல் நடந்தால், அங்கே நிறுத்திவிடுவது நல்லது. அந்தக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இந்தியச் சட்டமே தடுக்கிறது. ‘குழந்தை சீக்கிரம் வர இங்கே ஒருத்தருக்குக் கொடுக்கணும்’ என்ற பேச்சு வந்தால், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

இந்தியாவிலிருந்து முறைப்படி வெளிநாடு போகும் குழந்தைகளில் பலர், இங்கே யாரும் முன்வராத, உடல்நலச் சிக்கல் உள்ள அல்லது வயதில் பெரிய பிள்ளைகள். அவர்களுக்கு அந்தக் குடும்பம் நிஜமாகவே ஒரு வாழ்க்கை. அப்படி ஒரு பயணத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கூடவே இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மார் தங்கள் பிள்ளையைத் தாங்களே வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். பிறந்ததிலிருந்து 18 வயது வரை கொடுத்தாலும் 8,64,000 ரூபாய்தான். இலக்கு 30 லட்சம் என்று ஒரு லிங்க் வந்தால், அதே தொகையில் மூன்று குழந்தைகள் அம்மாவை விட்டுப் பிரியாமலேயே வளர்ந்துவிட முடியும். சர்ச்சில் அப்படி ஒரு தாய் இருந்தால், அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஓர் அரை நாள் போதும்.