எனாமலுக்கு இரட்டைக் காப்பு

மனித சரீரத்தில் மிகக் கடினமான பொருள் எலும்பு என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அந்தப் பெருமை பல்லின் மேற்போர்வையாகிய எனாமலுக்கே உரியது. நிறையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளாலான அது, முறிந்த எலும்பு கூடிக்கொள்வதுபோல் கூடிக்கொள்வதில்லை; அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், ஒருமுறை குழி விழுந்த எனாமல் மறுபடி வளர்வதே இல்லை.

அத்தகைய எனாமலுக்கு ஆபத்து அன்றாட உணவிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. மேலே வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில் சாமையும் மரவள்ளியும் விளைகின்றன. இன்று மலையூர்ப் பெட்டிக்கடைகளிலும் மிட்டாயும் பிஸ்கோத்தும் தொங்குகின்றன. சர்க்கரையாயினும் மாவாயினும், பல்லிடுக்கில் தங்கினால் அங்கு வாழும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கியதும் எனாமலின் படிகங்கள் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு சேர்ந்த படிகமோ, அந்த எண் 4.5 அளவுக்கு இறங்கும்வரை தாங்கி நிற்கும். பற்பசையில் ஃபுளோரைடைச் சேர்ப்பதன் காரணம் இதுவே.

இந்தக் காப்பை மேலும் உறுதியாக்க வந்ததே லேசர் கிரணம். 1960-இல் விஞ்ஞானி மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஆய்வாளர்களான ஸ்டெர்னும் சொக்னேசும் கெம்புக் கல் லேசரைப் பற்களின்மேல் பாய்ச்சி, கிரணம் பட்ட எனாமல் அமிலத்தை அதிகமாக எதிர்க்கிறது என்று கண்டார்கள். இத்துறையில் பெரிதும் பயன்பட்ட கரியமில வாயு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், பாராமதியில் பிறந்து புனேயில் பயின்ற குமார் படேல் என்பது நாம் நினைவில் வைக்கத் தகுந்த செய்தி. அந்த லேசரின் 9.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கிரணத்தை எனாமலிலுள்ள பாஸ்பேட் ஆவலோடு விழுங்கிக்கொள்வதால், வெப்பம் ஆழத்துக்கு இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது.

அந்த வெப்பம் செய்யும் காரியம் விசேஷமானது. எனாமல் படிகங்களுக்குள் இயல்பாகவே சிறிது கார்பனேட் கலந்திருக்கிறது. அமிலம் முதலில் பற்றுவது அதனால் விளைந்த பலவீனத்தையே. காளவாயில் வேகும் சுண்ணாம்புக்கல்லை விட்டுக் கரியமில வாயு வெளியேறுவது போல, கிரணம் பட்ட மேற்படலத்திலிருந்து கார்பனேட் விலக, எஞ்சும் படிகம் எளிதில் கரையாததாகிறது. அதோடு ஃபுளோரைடையும் பூசினால், அது மேற்பரப்பில் அதிகமாகப் பற்றிக்கொண்டு, அமிலம் தாக்கும் வேளையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு உதவுகிறது. தனித்தனியே செய்வதைக் காட்டிலும் இரண்டும் சேர்ந்தால் பலன் மிகுதி என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களின்மேல் நடந்தவை என்பதை மறைக்கக் கூடாது. நரம்பும் இரத்தக் குழாயும் குடியிருக்கும் பற்கூழின் சூடு இயல்பான அளவைவிட 5.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கூடினால் அது சேதமுறக்கூடும். ஆகையால் கிரணத்தை நொடியின் மிகச் சிறு கூறுகளாகத் துடிக்கவிட்டே செலுத்துகிறார்கள். வைத்தியர், உதவியாளர், நோயாளி மூவரும் அந்த அலைநீளத்துக்கென அமைந்த கண்ணாடி அணிந்தாக வேண்டும்.

ஃபுளோரைடு அளவு மீறினால் நஞ்சு என்பதும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1937-இலேயே ஆய்வாளர் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றைய சென்னை மாகாணத்தில் அதனால் விளைந்த நோயை வர்ணித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை அதிலிருந்து காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எனவே எந்த ஊரிலும் கிணற்று நீரைச் சோதித்தறிந்த பிறகே குழந்தைகளுக்கு ஃபுளோரைடு சிகிச்சையின் அளவை வகுப்பது முறை.

லேசர் கருவி விலையுயர்ந்தது. பயிற்சி பெற்ற கைகளும் மின்சாரமும் இல்லாமல் இயங்காது. ஃபுளோரைடு வார்னிஷோ சிறு பெட்டிக்குள் அடங்கும். பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, சிறு தூரிகையால் மெல்லப் பூசினால், எச்சில் பட்டதும் இறுகி ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிஷமே ஆகும். கள்ளக்குறிச்சியில் லேசர் வரும் நாள் வரட்டும். அதுவரை மலைப் பள்ளிகளுக்கு இந்த வார்னிஷ் போய்ச் சேரவேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து, ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளை படர்ந்திருந்தால், குழி விழுமுன்பே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அந்த நிலையில் பல்லை இன்னும் மீட்கலாம்.