கிண்ணத்துக்குக் கொடுக்கிறோம், தலைக்கு?

பெருநாள் நெருங்கினால் இளைஞர்கள் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். "நானா, டூர்னமென்டுக்கு ஸ்பொன்சர் வேணும்" என்பார்கள். கிண்ணம், ஜேர்சி, பனர் என்று நாமும் கொடுப்போம். ஜேர்சியில் கடையின் பெயர் இருந்தால் அதுவும் விளம்பரம்தானே!

சில வருடங்களுக்கு முன் ஒரு கடினப்பந்துச் சுற்றுப்போட்டிக்கு நானும் அனுசரணை வழங்கினேன். தலைக்கவசமின்றி ஆடிய ஒரு பையனின் காதுக்கு மேலே பந்து பட்டது. ஐஸ் வைத்தார்கள். "ஒண்டுமில்ல" என்று எழுந்து மீண்டும் ஆடினான். நாங்களும் கைதட்டினோம். அன்றிரவு வாந்தி, பேச்சில் தடுமாற்றம். மண்டைக்குள் இரத்தக் கசிவு என்றார் டொக்டர். பையன் தப்பிவிட்டான். ஆனால் அவன் முதுகில் இருந்தது என் கடையின் பெயர்.

அடிபட்டவன் எழுந்து நடந்தால் ஆபத்து இல்லை என்று நினைப்பதே நமது பெரிய தவறு. 1998 பெப்ரவரியில் டாக்காவில், ஓவரில் சில பந்துகள்தானே மிச்சம் என்று தலைக்கவசம் அணியாமல் துடுப்பாட்ட வீரருக்கு அருகில் களத்தடுப்பில் நின்றார் இந்திய வீரர் ராமன் லம்பா. பந்து தலையில் பட்டது. தானாகவே நடந்து வெளியேறினார். சில நாட்களில் இறந்துபோனார்.

2019 ஓகஸ்ட்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் அடிபட்டு வெளியேறி, அன்றே திரும்பி வந்து ஆடினார். மூளை அதிர்வின் அறிகுறிகள் மறுநாள்தான் தெரிந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். இப்படி மாற்று வீரரை இறக்கும் விதி அந்த மாதம்தான் சர்வதேசப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்திருந்தது.

விளையாட்டுப் பொருட்கள் விற்போருக்கு ஒரு வார்த்தை. தலைக்கவசம் மண்டை உடைவதைத் தடுக்க உதவும். மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. பலத்த அடி பட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கலாம். அதை மாற்றத்தான் வேண்டும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பிள்ளைக்குப் பெரிய அளவை விற்காதீர்கள். தளர்ந்த கவசம் அடிபடும் நேரத்தில் நகர்ந்துவிடும். சைக்கிள் வாங்க வரும் தகப்பனிடமும் தலைக்கவசத்தை எடுத்துக் காட்டுங்கள். வியாபாரமும் ஆகும், நன்மையும் ஆகும்.

அனுசரணை வழங்குவோர் இரண்டு நிபந்தனைகள் போடலாம். ஒன்று, கிண்ணத்தின் உயரத்தைக் குறைத்து, அந்தப் பணத்தில் கழகத்துக்கு நல்ல தலைக்கவசங்கள் வாங்குவது. இரண்டு, தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் மைதானத்தில் இறங்கக் கூடாது. டொக்டர் அனுமதித்த பிறகே ஆட வேண்டும். அன்றிரவு அவரைத் தனியே விடவும் கூடாது.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வியாபாரத்தில் நட்டம் வந்தால் அடுத்த சீசனில் பிடித்துவிடலாம். பிள்ளையின் தலை விடயத்தில் அடுத்த சீசன் கிடையாது.