சீருடைக்கு முன்னால் ஒரு படிவம்

தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் எதை நினைத்தால் பயம் என்று கேட்டுப் பாருங்கள். கயிறு என்பார்கள், 1500 மீட்டர் என்பார்கள், கொஞ்சம் குள்ளமானவர்கள் ‘ஹைட்டு’ என்பார்கள். தேர்ச்சி பெற்ற பிறகு நிரப்பித் தரவேண்டிய பின்னணி விவரப் படிவத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எழுத்துத் தேர்வில் தோற்றால் அடுத்த அறிவிக்கைக்கு எழுதலாம். அந்தப் படிவத்தில் ‘உங்கள் மீது வழக்கு உண்டா’ என்ற வரிக்கு எதிரே பொய்யாக ‘இல்லை’ என்று எழுதிச் சிக்கினால், கைக்கு வந்த வேலை போய்விடும். பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த பிறகும் போகும்.

அதற்கு முன் அடிப்படைத் தகுதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர், உதவி ஆய்வாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அண்மை அறிவிக்கைகளின்படி காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37, முன்னாள் படைவீரர்களுக்கு 47 வரை தளர்வு உண்டு. உதவி ஆய்வாளருக்குப் பட்டம் வேண்டும். பொதுப் பிரிவில் வயது 20 முதல் 30.

பட்டம் என்றதும் ஓர் எச்சரிக்கை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை. பத்து, அதன் மேல் இரண்டு, அதன் மேல் மூன்று என்ற வரிசை கட்டாயம். ‘டிகிரி இருக்கிறது, எஸ்.ஐ. எழுதலாம்’ என்று கோச்சிங் சென்டர்காரர் சொல்வதை நம்பி இரண்டு ஆண்டு படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கல்லூரியில் மட்டும் தமிழ்வழி என்றால் செல்லாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து, பணிக்குரிய கல்வித் தகுதிவரை தமிழ்வழியாக இருக்கவேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச் சான்று வாங்கவேண்டியிருக்கும். அறிவிக்கை வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது.

காவலர் தேர்வில் தமிழ்த் தகுதித் தேர்வுக்கு 80 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் முதன்மை விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வு 70, உடல்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6 என மொத்தம் 100.

உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ. இருக்கவேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரியவேண்டும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில். ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் தவிப்பவர்களுக்கு ஒன்று: நாள் முழுக்க நின்று நடந்து திரிந்தால் முதுகெலும்பு அமுங்கி மாலைக்குள் ஏறத்தாழ ஒரு செ.மீ. வரை உயரம் குறைவது உடலின் இயல்பு. அளவெடுக்கும் நாளில் விடியற்காலையிலேயே வந்து வெயிலில் நின்று களைத்துப் போகாதீர்கள். முறை வரும்வரை உட்கார்ந்திருங்கள், முடிந்தால் படுத்தே இருங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் அங்கேயே, அப்போதே மறு அளவீடு கேளுங்கள். மறுத்தால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். மைதானத்தை விட்டு வந்த பிறகு ‘தப்பாக அளந்தார்கள்’ என்று சொன்னால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

இனி அந்தப் படிவம்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழாவில் மைக் செட் தகராறு. எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் பன்னிரண்டு பேர் பெயர். அதில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனும் சேர்ந்துகொள்கிறான். அவன் அன்று ஊரில் இருந்தானா என்பதே கேள்வி. வழக்கு நீதிமன்றம் போகிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி ‘யார் அடித்தார்கள் என்று தெரியாது’ என்கிறார். எல்லாரும் விடுதலை. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

காவல்துறைப் பணி விதிகளோ வேறு மாதிரிப் பேசுகின்றன. காவல்துறை விசாரணைக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவராக இருக்கவேண்டும் என்பது விதி. அதன் விளக்கம் ஒருபடி மேலே போய், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும் ‘வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கொள்ளவேண்டும் என்கிறது. விசாரணை நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பின்னால் மரியாதையுடன் கூடிய விடுதலையாக முடிந்தாலும், போலீசார் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று முடித்துவிட்டாலும், அந்தத் தேர்வில் இடம் கிடையாது. அடுத்த தேர்வில் மீண்டும் கலந்துகொண்டுதான் வரவேண்டும். இந்த விதி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் சொல்லிவிட்டது. கடுமையான விதிதான். கிராமத்துத் தகராறுகளில் பெயர் சேர்ப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை. ஆனால் விதி மாறும்வரை அதற்கேற்ப நடப்பதுதான் வழி.

என்ன செய்யலாம்? குற்ற வழக்கை நடத்தும் வக்கீலிடம், பையன் போலீஸ் தேர்வு எழுதப்போகிறான் என்று முதல் நாளே சொல்லுங்கள். ‘சாட்சியை மாற்றி முடித்துவிடலாம்’ என்பது மற்றவர்களுக்குச் சுலபமான வழியாக இருக்கலாம். இவனுக்கு அதுவே கேடு. சம்பவ இடத்திலேயே இல்லை என்பதற்குக் கல்லூரி வருகைப் பதிவேடு போல ஆதாரம் இருந்தால் அதை வைத்து வழக்கை நடத்தி, குற்றம் பொய் என்று தீர்ப்பில் தெளிவாக எழுதும்படி வாதாடவேண்டும். அல்லது முதல் தகவல் அறிக்கையிலோ குற்றப்பத்திரிகையிலோ இவன்மீது குறிப்பாக எந்தக் குற்றச்சாட்டும் இல்லையென்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். இதெல்லாம் தேர்வுக்கு முன் நடக்கவேண்டிய வேலை.

பலருக்குத் தங்கள்மீது வழக்கு இருப்பதே தெரியாது. ஊரடங்குக் காலத்தில் பைக்கில் சுற்றியதற்காகப் பதிவானவை அப்படிப்பட்டவை. அவற்றில் ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் உங்கள் பெயரில் உள்ளது உண்மையாகவே முடிந்ததா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். குடியிருக்கும் ஊர் மட்டுமல்லாமல், கல்லூரி விடுதி இருந்த ஊரின் காவல் நிலையத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

இருக்கிறது என்று தெரிந்தால் எழுதிவிடுங்கள். குற்ற எண், பிரிவு, நீதிமன்றம், இப்போதைய நிலை, தீர்ப்பு வந்திருந்தால் அதன் நகல். ‘சின்ன கேஸ்தானே, யாருக்குத் தெரியப்போகிறது’ என்று ஆலோசனை சொல்பவர் உங்கள் நண்பர் அல்ல. விசாரிக்கப்போவதே போலீஸ், பதிவேடு இருப்பதும் அவர்களிடம்தான்.

மறைத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வில் வகுத்த நெறிகள்தான் இன்றும் அளவுகோல். இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் அதை மன்னிக்கலாம். கடுமையான குற்றத்தை மறைத்தால் நியமனத்தை ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. படிவத்தில் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. வழக்கு இருப்பதே தெரியாதவர் மறைத்ததாகவும் ஆகாது. 2022இல் பவன் குமார் என்ற ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலரின் வழக்கில், மறைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக எந்திரத்தனமாக வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லி அவரை மீண்டும் பணியில் சேர்த்தது. பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததாக இருந்தால், சிறார் நீதிச் சட்டம் 2015இன் 24ஆம் பிரிவைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட குற்றம், பெரியவரான பின் தகுதியிழப்பாக ஆகக்கூடாது என்கிறது அது.

அடுத்த ஆபத்து, உடல்திறன் தேர்வு முடிந்ததும் போன் செய்கிறவர். ‘லிஸ்ட்டில் பார்டரில் இருக்கிறீர்கள், மேலே பேசிக்கொள்ளலாம்’ என்பார். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்றுக் கொடுப்பார்கள். பணம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் எதுவுமே செய்வதில்லை; பத்துப் பேரிடம் வாங்கிவைத்துக்கொண்டு, தானாகத் தேர்வானவனிடம் ‘நான்தான் முடித்துக் கொடுத்தேன்’ என்று பணத்தை எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு இழுத்தடிப்பார்கள். ஏமாந்தவர் புகார் கொடுக்கத் தயங்குவதுதான் அவர்களுக்கு முதலீடு. அந்தத் தயக்கத்தில் நியாயம் கொஞ்சம் உண்டு: 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை. ஆனால் அதே பிரிவு, கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் குற்றமில்லை என்கிறது. பணம் கேட்டதுமே, கொடுக்காமலே ஊழல் தடுப்புத் துறைக்குப் போவது இன்னும் நல்லது. கொடுத்து ஏமாந்திருந்தால் மாவட்டக் குற்றப்பிரிவு; இணையவழியில் அனுப்பியிருந்தால் 1930 எண். ‘பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கு’ என்று வருவார்கள். போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கிய தமிழ்நாட்டு வழக்கில், அப்படிச் செய்த சமரசத்தை ஏற்று வழக்கை ரத்து செய்தது தவறு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேர்வானால் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம், பிறகு காவல் நிலையங்களில் ஒரு மாதச் செய்முறைப் பயிற்சி. கவாத்து, துப்பாக்கி, முதலுதவி, சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மூன்று புதிய குற்றவியல் சட்டங்களைத்தான் இப்போது படிக்கவேண்டும். பழைய கைடுகளை நம்பாதீர்கள். உதவி ஆய்வாளர்களுக்கு வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியிலுள்ள காவல்துறைப் பயிற்சியகத்தில் ஓராண்டுப் பயிற்சி. முடித்ததும் நேராக ஊர் ஸ்டேஷனில் உட்காரலாம் என்று நினைக்கிற காவலர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது: முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஆயுதப்படையிலோ பட்டாலியனிலோதான். பந்தோபஸ்து, லாரிப் பயணம், கல்யாண மண்டபத்தில் படுக்கை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கல்யாணப் பேச்சில் பின்னால் சண்டை வராது.

பயிற்சியில் இருப்பவருக்கும் உரிமைகள் உண்டு. பயிற்சியகமும் பணியிடம்தான், பாலியல் தொல்லை நடந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவில் முறையிடலாம். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை ‘ஒத்துவரவில்லை’ என்று விடுவிக்கலாம். ஆனால் குற்றம் செய்தார் என்று கறை பூசி அனுப்புவதென்றால் விசாரணை வைத்து, பதில் சொல்ல வாய்ப்புத் தந்தாகவேண்டும்.

தேர்வில் அநியாயம் நடந்தால் வழிகள் இருக்கின்றன. விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்கள் தருவார்கள். பாடப்புத்தகப் பக்கத்தோடு அனுப்புங்கள், ‘எனக்குச் சரி என்று தோன்றுகிறது’ என்பது ஆதாரமாகாது. மதிப்பெண், நிராகரிப்புக் காரணம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். காரணம் கையில் எழுத்தாக வந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

அந்த வழி வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு கே. பிரித்திகா யாஷினியின் வழக்கே சாட்சி. திருநங்கைக்கான பிரிவே விண்ணப்பத்தில் இல்லை என்று வாரியம் நிராகரித்தது. அவர் கட்டம் கட்டமாக நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2017இல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால். மனுப் போடும்போது ஒன்றை வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்: தீர்ப்பு வரும்வரை ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கும்படி இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேட்கவேண்டும். பயிற்சி தொடங்கி அந்த பேட்ச் நிரம்பிய பிறகு போனால், வழக்கில் ஜெயித்தாலும் அடுத்த பேட்ச்சுக்குத்தான் காத்திருக்க நேரும்.