காடும் அமானத், காணியும் அமானத்

மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காட்டைப் பேணுவது மார்க்கம் கற்றுத்தந்த பாடம்.

நம் நாட்டின் வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவானது. அதன் வடக்கே முசலிப் பகுதிக் காடுகளும் 2017இல் பாதுகாக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் மீளக் குடியேறிய முஸ்லிம்கள், தம் பூர்வீகக் காணிகளும் அதில் அடங்கிவிட்டதாக முறையிட்டார்கள்.

சகோதரிகளே! பூங்கா விரிந்தால் சுற்றுலா வளரும், தொழில் பெருகும் என்கிறார்கள். நல்லதே. ஜீப் ஓட்டுவதும் வழிகாட்டுவதும் அவ்வூர் இளைஞர்களின் ஹலாலான ரிஸ்காகட்டும். வீட்டுச் சமையலும் பன்பாயும் பெண்களுக்கு வருமானம் தரட்டும். ஆனால், எல்லைக்கல் நாட்டுமுன் ஊராரைக் கேட்பதும், காணி உறுதிகளைப் பார்ப்பதும்தான் நீதி.

யானையின் வழியையும் ஏழையின் வாசலையும் சேர்த்துக் காக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ்.