சாப்பாட்டுக்கும் நேரம் உண்டு

நிலத்தை விட்டு வந்தபின் நம்மில் பலருக்கு வேலை நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறிவிட்டன. ஹட்டன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்து, நடுச்சாமத்தில் ரொட்டி உண்போரும் உண்டு. அதிகம் உண்ணாமலே உடல் ஏன் பெருக்கிறது?

நம் உயிரணுக்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை ஓட்டுபவை 'கடிகார மரபணுக்கள்'. எப்போது உணவைச் சக்தியாக்குவது, எப்போது சேமிப்பிலிருந்து செலவழிப்பது என்பதை ஒழுங்குபடுத்துவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இத்தகைய மரபணு ஒன்று பழுதான எலிகள் அளவுமீறித் தின்று கொழுத்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005 இல் கண்டனர். 2012 இல் ஒடிசாவைச் சேர்ந்த சச்சிதானந்த பாண்டாவின் குழு, இரு கூட்டம் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தது. இரண்டும் தின்ற அளவு ஒன்றே. ஆனால் நினைத்த நேரமெல்லாம் தின்றவை பருத்தன. எலிகள் விழித்திருக்கும் இரவில், எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை அவ்வாறு பருக்கவில்லை.

மனிதர் எலியல்லர். ஆயினும் இரவில் உண்ணும்போது நம் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. ஆகவே இரவு வேலைக்குப் போகுமுன் வயிறார உண்போம், நடுச்சாமத்தில் குறைத்துக்கொள்வோம். மெலிந்தவர்களும் கர்ப்பிணிகளும் நீரிழிவுக்கு மருந்து எடுப்போரும் பட்டினி கிடக்கவேண்டாம். வைத்தியரிடம் கேட்டு நடப்பதே நலம்.