நானூக் ஆஃப் த நார்த் (ஆவணப்படம்)

நானூக் ஆஃப் த நார்த் என்பது 1922 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஊமைப் படம் ஆகும். 'வடதிசை நானூக்' என்பது இப்பெயரின் பொருள். கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் வாழும் இனுயிட் மக்களின் வாழ்க்கையை இப்படம் காட்டுகிறது. அமெரிக்கரான ராபர்ட் பிளாகர்ட்டி இதனை இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். ஏறத்தாழ 79 நிமிடங்கள் ஓடும் இப்படம், திரையரங்குகளில் பெருவெற்றி பெற்ற முதல் முழுநீள ஆவணப்படமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதே வேளை, இதன் காட்சிகள் பலவும் படப்பிடிப்புக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டவை. ஆகவே ஆவணப்படம் எந்த அளவுக்கு உண்மையின் பதிவு என்ற விவாதத்தில் இப்படம் தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

பிளாகர்ட்டி (1884 - 1951) திரைப்படத் துறையில் பயின்றவர் அல்லர். கனிம வளங்களைத் தேடும் ஆய்வுப் பயணியாகவே அவர் வாழ்க்கையைத் தொடங்கினார். கனடாவின் தொடர்வண்டித் துறைத் தொழிலதிபரான வில்லியம் மெக்கன்சியின் சார்பில் இரும்புத் தாது தேடுவதற்காக, 1910 இல் முதன்முறையாக ஹட்சன் விரிகுடாப் பகுதிக்குச் சென்றார். அங்குள்ள பெல்ச்சர் தீவுக்கூட்டத்தின் மிகப்பெரிய தீவு இன்று அவரது பெயரால் அழைக்கப்படுகிறது.

1913 ஆம் ஆண்டுப் பயணத்தின்போது, மெக்கன்சியின் யோசனைப்படி ஒரு திரைப்படக் கருவியையும் உடன் எடுத்துச் சென்றார். அதற்கு முன் அவர் பெற்ற பயிற்சி மூன்று வாரங்கள் மட்டுமே. அப்பயணங்களில் அவர் படம்பிடித்தவற்றின் நெகட்டிவ் சுருள்கள், சுமார் 30,000 அடி, 1916 இல் டொராண்டோ நகரில் தீயில் அழிந்தன. படத்தொகுப்பில் ஈடுபட்டிருந்தபோது அவரது கையிலிருந்த சிகரெட் தவறி விழுந்ததே தீ விபத்துக்குக் காரணம். அக்காலத்துப் படச்சுருள்கள் நைட்ரேட் சேர்மத்தால் ஆனவை, நொடியில் தீப்பற்றக்கூடியவை.

ஒரு பிரதி எஞ்சியிருந்தது. ஆனால் அதைத் திரையிட்டுப் பார்த்த பிளாகர்ட்டிக்கு மனநிறைவு ஏற்படவில்லை. தொடர்பில்லாத காட்சிகளின் தொகுப்பாக மட்டுமே அது இருந்தது. ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அன்றாட வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால்தான் பார்வையாளர் ஒன்றுவர் என்று அவர் முடிவு செய்தார். புதிய படத்தின் வடிவம் இவ்வாறு உருவானது.

படப்பிடிப்பு

ரெவில்லோன் பிரேர் என்ற பிரெஞ்சு நிறுவனம் படத்துக்கான செலவை ஏற்றுக்கொண்டது. இது விலங்குகளின் மென்மயிர்த் தோல்களை வாங்கி விற்கும் நிறுவனம் ஆகும். கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள போர்ட் ஹாரிசன் என்ற இடத்தில் அதற்கு ஒரு வணிக நிலையம் இருந்தது. இவ்வூரின் இன்றைய பெயர் இனுக்ஜுவாக் ஆகும். 1920 ஆகத்து முதல் 1921 ஆகத்து வரை அங்கே படப்பிடிப்பு நடைபெற்றது.

பிளாகர்ட்டி இரண்டு ஏக்லி வகைப் படக்கருவிகளைக் கொண்டு சென்றார். கடுங்குளிரில் மசகு எண்ணெய் உறைந்துவிடும். ஏக்லி கருவிகளில் எண்ணெய்க்குப் பதிலாகக் கிராபைட்டு பயன்பட்டதால் அவை தடையின்றி இயங்கின. படச்சுருளைக் கழுவவும், பிரதி எடுக்கவும், திரையிடவும் தேவையான கருவிகளும் உடன் சென்றன.

கழுவும் பணி கடினமானது. ஆறு அடி தடிமனுள்ள பனிக்கட்டியைத் துளையிட்டு நீர் எடுத்து, பீப்பாய்களில் நிரப்பி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் கொண்டுவர வேண்டியிருந்தது. மின்னாக்கியின் ஒளி நிலையாக இல்லாததால், சன்னலை மறைத்து ஒரு சிறு திறப்பை மட்டும் விட்டு, அதன் வழியே வந்த பகலொளியைக் கொண்டு பிரதிகள் எடுக்கப்பட்டன.

இப்பணிகள் எல்லாவற்றிலும் இனுயிட் மக்கள் பங்கெடுத்தனர். கடல்நீரில் விழுந்த ஓர் ஒளிப்படக் கருவியைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் மீண்டும் பொருத்த முடியாமல் தாம் தவித்ததாகவும், இனுயிட் ஒருவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதனைப் பொருத்திக் கொடுத்ததாகவும் பிளாகர்ட்டி எழுதியுள்ளார். எடுத்த காட்சிகளை அவர் உடனுக்குடன் அம்மக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். அடுத்து எதைப் படம்பிடிப்பது என்பதில் அவர்களது ஆலோசனையும் சேர்ந்தது. படம்பிடிக்கப்படுவோரிடமே படத்தைக் காட்டும் இவ்வழக்கத்தைப் பிற்கால மானிடவியல் திரைப்படக்காரர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர்.

உள்ளடக்கம்

படத்தின் நாயகன் நானூக் ஒரு வேட்டைக்காரன். இனுயிட் மொழியில் இச்சொல் பனிக்கரடியைக் குறிக்கும். நானூக், அவன் மனைவி நைலா, குழந்தைகள் ஆகியோர் உணவு தேடி இடம்பெயர்வதே கதையோட்டம். ஒரே ஆள் அமரும் தோல்படகிலிருந்து குடும்பத்தினர் ஒவ்வொருவராக வெளிவருவது, வால்ரஸ் வேட்டை, கடல்நாய் வேட்டை, வணிக நிலையத்தில் தோல்களைக் கொடுத்துப் பண்டம் பெறுவது, பனிப்புயல் ஆகியவை முதன்மையான காட்சிகள் ஆகும்.

இக்லூ எனப்படும் பனிவீட்டைக் கட்டும் காட்சி புகழ்பெற்றது. உறைபனியைக் கத்தியால் செங்கல் போல வெட்டி, வட்டமாக அடுக்கிக் குவிமாடம் அமைக்கிறான் நானூக். பின்னர் தெளிந்த பனிக்கட்டிப் பலகை ஒன்றைச் சன்னலாகப் பதித்து, வெளியொளி உள்ளே திரும்பும் வகையில் ஒரு பனிக்கட்டியை அதனருகே நிறுத்துகிறான்.

வெளியீடு

பாரமவுண்ட் உட்படப் பல நிறுவனங்கள் படத்தை வாங்க மறுத்தன. இறுதியில் பாத்தே நிறுவனம் இதனை ஏற்றது. 1922 சூன் 11 அன்று நியூயார்க்கின் கேபிட்டல் திரையரங்கில் படம் வெளியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1989 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 படங்களில் இதுவும் ஒன்று.

ஏற்பாடு செய்யப்பட்ட காட்சிகள்

படத்தில் காண்பவற்றுக்கும் 1920 களின் உண்மை நிலைக்கும் இடையே பல வேறுபாடுகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

- நானூக் என்பது பாத்திரப் பெயர். நடித்தவரின் பெயர் அல்லகாரியல்லாக். படத்தில் வரும் மனைவியும் அவருடைய உண்மையான மனைவி அல்லர்.
- அக்காலத்தில் அம்மக்கள் துப்பாக்கியால் வேட்டையாடினர். படத்துக்காக எறியீட்டியைக் கொண்டு வேட்டையாடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்.
- வெளிநாட்டுத் துணியாலான உடைகள் அப்போதே வழக்கத்தில் இருந்தன. படத்தில் விலங்குத் தோலாடைகளே முதன்மையாகக் காட்டப்படுகின்றன.
- வணிக நிலையக் காட்சியில், கிராமபோனை முதன்முறையாகக் காண்பவர் போல நானூக் இசைத்தட்டைக் கடித்துப் பார்க்கிறார். உண்மையில் அல்லகாரியல்லாக் கிராமபோனை நன்கு அறிந்தவர்.
- சாதாரணப் பனிவீடு சுமார் 12 அடி விட்டம் உடையது. உள்ளே படக்கருவியை வைக்க இடம் வேண்டி 25 அடி விட்டத்தில் வீடு கட்டப்பட்டது. அப்போதும் ஒளி போதாமையால், குவிமாடத்தின் பாதி அகற்றப்பட்டு, குடும்பம் உறங்கும் காட்சி திறந்தவெளிக் குளிரிலேயே எடுக்கப்பட்டது.
- பனிக்கட்டித் துளை வழியாகக் கடல்நாயுடன் நானூக் கயிறிழுத்துப் போராடும் காட்சியில், கயிற்றின் மறுமுனையைப் படச்சட்டத்துக்கு வெளியே நின்ற ஆட்களே இழுத்தனர். மேலே கொண்டுவரப்படும் கடல்நாய் ஏற்கனவே இறந்தது.

இவற்றை ஒரே தரத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது. பாதி வீட்டில் படம்பிடித்தது அக்காலத் தொழில்நுட்பத்தின் எல்லையால் நேர்ந்தது. எறியீட்டி வேட்டை, அம்மக்களின் மூதாதையர் உண்மையில் செய்ததன் மீள்நடிப்பு ஆகும். அல்லகாரியல்லாக்கும் அவரது தோழர்களும் அதனை விரும்பியே செய்தனர் எனத் தெரிகிறது. கிராமபோன் காட்சி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அறிந்த ஒருவரை அறியாதவராகக் காட்டுகிறது அது. இம்மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இவை ஏற்பாடு செய்யப்பட்டவை என்றோ, கடந்த காலத்தைக் காட்டுபவை என்றோ படம் எங்கும் கூறுவதில்லை.

மாறுபட்ட கருத்துகள்

பிளாகர்ட்டியை ஆதரிப்போர், 1922 இல் ஆவணப்படம் என்ற வகையோ, அதற்கான விதிகளோ இருக்கவில்லை என்பதைச் சுட்டுகின்றனர். வெளியுலகத் தொடர்பால் மறைந்துகொண்டிருந்த திறன்களை, அவற்றை அறிந்தோர் உயிருடன் இருக்கும்போதே பதிவு செய்ததை ஒரு சேவையாகவும் அவர்கள் கருதுகின்றனர். கயாக் செலுத்தும் முறை, பனிவீடு கட்டும் முறை முதலியவை இப்படத்தில் கண்கூடாகப் பதிவாகியுள்ளன.

மாற்றுக் கருத்துடையோர், அம்மக்கள் மாறாத தொல்மாந்தர் போலக் காட்டப்பட்டதை எதிர்க்கின்றனர். அன்றைய இனுயிட் வாழ்க்கை மென்மயிர்த் தோல் வணிகத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது. துப்பாக்கி, உலகச் சந்தையின் விலை, கடன் ஆகியவை அவர்களது அன்றாடப் பிரச்சினைகள். படத்துக்குப் பணம் கொடுத்ததே ஒரு தோல் வணிக நிறுவனம் என்பதையும், படத்தில் வணிகர் அன்பான புரவலராக மட்டுமே தோன்றுகிறார் என்பதையும் இவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

அல்லகாரியல்லாக்கின் மறைவு

படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அல்லகாரியல்லாக் இறந்தார். மான் வேட்டைக்குச் சென்ற இடத்தில் அவர் பட்டினியால் மடிந்தார் என்று பிளாகர்ட்டி பின்னர் கூறினார். இச்செய்தி பல ஆண்டுகள் படத்தோடு சேர்த்தே பரப்பப்பட்டது. ஆனால் அவர் தம் வீட்டிலேயே, பெரும்பாலும் காசநோயால், இறந்தார் என்பதே இன்று ஏற்றுக்கொள்ளப்படும் கருத்து.

இவ்வேறுபாடு சிறியதன்று. பட்டினிச் சாவு, இயற்கையோடு போராடித் தோற்ற வீரன் என்ற கதைக்குப் பொருந்துகிறது. காசநோயோ, வெளியாருடன் ஏற்பட்ட தொடர்பு வழியே ஆர்க்டிக் மக்களிடையே பரவிய நோய். படம் எதனைச் சட்டத்துக்கு வெளியே வைத்ததோ, அதுவே படத்தின் நாயகனைக் கொன்றிருக்கக்கூடும்.

இனுக்ஜுவாக் மக்களின் பிற்கால நிலை

1953 இலும் 1955 இலும் கனடிய அரசு இனுக்ஜுவாக்கைச் சேர்ந்த பல குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, கிரைஸ் ஃபியோர்ட், ரெசல்யூட் ஆகிய இடங்களில் குடியேற்றியது. அங்குக் குளிர்காலத்தில் பல வாரங்கள் கதிரவன் தோன்றாது. வேட்டை வளம் மிகுந்த இடம் என்றும், விரும்பினால் இரண்டு ஆண்டுகளில் திரும்பலாம் என்றும் அம்மக்களுக்கு வாக்களிக்கப்பட்டது. இரண்டாம் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. இவ்வாறு அனுப்பப்பட்டவர்களில், படப்பிடிப்புக் காலத்தை அடுத்து அவ்வூரில் பிறந்த பிளாகர்ட்டியின் மகனும் ஒருவர். அவர் தம் தந்தையைக் கண்டதே இல்லை. 2010 ஆகத்து 18 அன்று கனடிய அரசு இக்குடியேற்றத்துக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது.

எத்தகைய குளிரிலும் பழைய முறைப்படி வேட்டையாடி வாழத்தக்கவர்கள் என்று வெளியுலகம் அம்மக்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் இத்திட்டத்துக்குத் துணைநின்றது என்று கருதுவோர் உண்டு. அவ்வெண்ணத்தைப் பரப்பியதில் இப்படத்துக்குப் பெரும் பங்கு உள்ளது.

ஆவணப்படத் துறையில் தாக்கம்

ஆவணப்படத்தைக் குறிக்கும் 'டாக்குமென்டரி' என்ற சொல் திரைப்படம் தொடர்பில் பரவலானதற்கும் பிளாகர்ட்டியே ஒரு வகையில் காரணம். சமோவாத் தீவில் அவர் எடுத்த மோனா என்ற படத்துக்கு 1926 பெப்ரவரியில் எழுதிய விமர்சனத்தில், ஜான் கிரியர்சன் இச்சொல்லைப் பயன்படுத்தினார். மோனாவிலும், அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் எடுக்கப்பட்ட மேன் ஆஃப் ஆரன் (1934) படத்திலும், வழக்கொழிந்த செயல்களை மீண்டும் செய்யவைக்கும் முறையையே பிளாகர்ட்டி தொடர்ந்தார்.

1990 இல் கிளோட் மஸ்ஸோ இயக்கிய நானூக் ரீவிசிட்டட் என்ற ஆவணப்படத்தில், இனுக்ஜுவாக் மக்கள் பழைய படத்தைப் பார்த்துக் கருத்துரைக்கின்றனர். கடல்நாய்க் காட்சி அவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. கிராமபோன் காட்சியின் உண்மை நிலையையும் அவர்களே விளக்குகின்றனர்.

அதே காலத்தில் இக்லூலிக் என்ற ஊரில், இனுயிட் இயக்குநர் சக்கரியாஸ் குனுக்கும் அவருடைய தோழர்களும் இசுமா என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் எடுத்த நுனாவுட் (எங்கள் நிலம்) என்ற 13 பகுதித் தொடர், 1940 களின் வாழ்க்கையை ஊர்மக்களைக் கொண்டே மீள நடித்துக் காட்டுகிறது. மூத்தோரின் நினைவுகள் அதற்கு அடிப்படையாக அமைந்தன. குனுக்கின் அடனார்ஜுவாட் (2001) கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசைப் பெற்றது.

பிளாகர்ட்டியின் படம், குனுக்கின் தொடர் ஆகிய இரண்டும் மீள்நடிப்பையே பயன்படுத்துகின்றன. பிந்தையது தான் காட்டும் காலத்தை மறைப்பதில்லை; எதைக் காட்டுவது என்பதை அவ்வாழ்க்கைக்கு உரியவர்களே முடிவு செய்கின்றனர். வரலாறு, பண்பாடு, அறிவியல் பற்றிய எந்த ஆவணப்படத்தைக் காணும்போதும் இவ்விரண்டு நிலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. காட்சி ஏற்பாடு செய்யப்பட்டதா என்பதோடு, அது பார்வையாளருக்குச் சொல்லப்பட்டதா, யாருடைய முடிவு, யாருடைய பணம், சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது எது ஆகியவையும் கேட்கத்தக்க கேள்விகள் ஆகும்.